அவர் பக்கம் சொட்டுகிறது

ஏப்ரல் 9, புதன்

சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தபோது அங்கிருந்த பெண், "எப்போ இருந்து மேடம் கம்ப்ளெய்ன்ட்?" என்று கேட்டாள். "கொஞ்ச நாளா" என்று சொல்லிவிட்டேன். கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள் வாயிலிருந்து வரக்கூடிய அளவை அல்ல அது. வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. ஆகவே இன்று முதல் படுக்கையறை ஏசியின் நடத்தையை இந்த டைரியில் எழுதி வைப்பதென்று முடிவு. ஏசி பற்றி மட்டும். என் டைரியில் என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது.

விவரம்: ஒன்றரை டன். வீட்டிலேயே ஒரே ஏசி. கட்டிலில் அவர் படுக்கும் பக்கத்துக்கு நேர் மேலே சுவரில் இருக்கிறது. அதிலிருந்து கிளம்பும் வடிகுழாய் சுவருக்குள் புகுந்து பின்பால்கனியில் வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வெளிவருகிறது. அதன் வாயில் ஒரு நீல வாளி. போன கோடையில் குழாயில் பாசி அடைத்து, அவர் தலையணைமேல் சொட்டியது. மெக்கானிக் ஸ்டான்லி வந்து ஊதிச் சரிசெய்தார்.

புகார்: குளிர்ச்சி போதவில்லை. பதினெட்டு டிகிரியில் வைத்தும், எழுந்திருக்கும்போது என் நைட்டி பிழியும் பதத்தில் இருக்கிறது.

எதிர்த்தரப்பு: "நல்லாத்தான குளுருது" என்கிறார் அவர். இந்தச் சாட்சியை ஏற்பதற்கில்லை. சில வாரங்களாக முழுக்கைச் சட்டை போட்டுப் பித்தானெல்லாம் பூட்டி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுக்கிற மனிதர். தூத்துக்குடியில், ஏப்ரலில். வயதானால் சிலர் இப்படி ஆகிவிடுகிறார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி

எங்கள் ஆய்வகத்திலிருந்து ஒரு வெப்பமானி எடுத்துவந்து அறையில் தொங்கவிட்டேன். பத்தொன்பது காட்டுகிறது. வெப்பமானி பழுது.

ஏப்ரல் 12, சனி

வேதியியல் துறையிலிருந்து இன்னொன்று. அதுவும் பத்தொன்பது. இரண்டையும் ஒரே கடையில்தான் வாங்கியிருக்கிறார்கள். கல்லூரிக் கொள்முதல் பற்றி எனக்கு இருந்த சந்தேகம் உறுதியாயிற்று.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். பாயசம், வடை. வெண்ணிலா பூனாவிலிருந்து வீடியோவில் வந்து, "என்னம்மா, முகமெல்லாம் செவந்திருக்கு?" என்றாள். அடுப்படியில் நின்றேன் என்றேன். நின்றது ஹாலில், ஃபேனுக்குக் கீழே. ஆனால் அடுப்பு அணைந்து வெகுநேரம் ஆகியிருக்கவில்லை.

படுக்கப்போகும்முன் அவர் கையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு, "இருபத்தி நாலுல வச்சா கரண்டு மிச்சமாகும்னு போட்டிருக்கான்" என்றார்.

"எங்க போட்டிருக்கான்?"

"இதுலதான்... எங்கயோ."

வாங்கிப் பார்த்தேன். விளையாட்டுப் பக்கம்.

ஸ்வீட் பெட்டியின் பின்புறத்தில் படம் வரைந்து, கம்ப்ரசர் எப்படி ஓடுகிறது, எப்போது நிற்கிறது என்று விளக்கினேன். இந்தப் பகுதியில் என் மாணவிகள்கூட இவ்வளவு அமைதியாக இருந்ததில்லை. கடைசியில், "இருபத்தி நாலு வேணுமா?" என்று கேட்டேன்.

"இல்ல, இல்ல. சும்மா படிச்சத சொன்னேன்" என்று சொல்லிவிட்டு சட்டையின் மேல் பித்தானைப் பூட்டினார்.

ஏப்ரல் 16, புதன்

விடியும் நேரத்தில் ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கியது.

"ஆவுடை, மேல சொட்டுது" என்றார்.

"எங்க?"

"என் பக்கந்தான். நீ படு, நீ படு. உன் பக்கம் ஒண்ணுமில்ல."

நான் விளக்கைப் போடுவதற்குள் தலையணையுடன் வாசலில் நின்றார். ஸ்டேஷன் வருமுன்னே பெட்டியை இறக்கி வைத்துக்கொள்கிற பயணியைப் போல.

"பைப் சரியாகுற வரைக்கும் நான் ஹால்ல படுத்துக்கிடுதேன். நீ ஏசிய அணைக்காத. ஒரு பேசின் வச்சிட்டாப் போதும்."

போர்வையை எடுத்துப் போகவில்லை. தூக்கக் கலக்கத்தில் மறந்திருப்பார்.

பிற்பகல் கவனித்தது: நீல வாளி காய்ந்து கிடக்கிறது. வாளி அவருடைய இலாகா. தினமும் காலையில் எடுத்து, அந்தத் தண்ணீரில் பால்கனியைத் துடைத்து, மிச்சத்தைச் செருப்பு வைக்கும் இடத்தில் ஊற்றி, கவிழ்த்து, மறுபடி வைப்பார். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடுக்கில் நுழையத்தக்க உடம்பும் வீட்டில் அவருக்கு மட்டுமே உண்டு.

"வாளியில தண்ணி விழலையே, பாக்கலையா?" என்றேன்.

"கவனிக்கலம்மா."

மூன்று கோடையாக அந்த வாளியைக் குழந்தைபோல் கவனித்தவர்.

ஏப்ரல் 17, வியாழன்

ஸ்டான்லிக்குப் போன். இன்று பெரிய வியாழன், நாளை பெரிய வெள்ளி, ஈஸ்டர் கழிந்துதான் வருவாராம். இந்த ஊரில் ஏசியும் தவக்காலம் அனுசரிக்க வேண்டியிருக்கிறது.

நேற்று முழுக் கட்டிலும் எனக்கு. காற்று முழுவதும் எனக்கு. தூங்கியிருக்க வேண்டும். வெண்ணிலா பிறந்து நான் அம்மா வீட்டில் இருந்த மாதங்களைக் கழித்தால், கல்யாணத்துக்குப் பிறகு தனியாகப் படுத்த பழக்கம் எனக்கு இல்லை. பைப் சரியானால் அவர் வந்துவிடுவார். எனவே பைப் சரியாக வேண்டும். இதை ஏசி பற்றிய குறிப்பாகவே கொள்ளலாம்.

ஏப்ரல் 20, ஞாயிறு

மேல்வீட்டு மச்சாது அண்ணாச்சி ஈஸ்டர் கேக் கொண்டுவந்தார். எங்கள் குடியிருப்பின் செயலாளர். கப்பலில் முப்பது வருஷம் இருந்ததால் குடியிருப்பில் எந்த இயந்திரம் நின்றாலும் அவரைத்தான் கூப்பிடுகிறார்கள். கப்பலில் அவர் சமையல்காரராக இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும்; யாரும் அதைப் பெரிதுபடுத்துவதில்லை.

ஏசியைப் பார்த்ததும், "டீச்சர், இது ஒண்ணுமில்ல. கல்லுப்பு ரெண்டு கை அள்ளிப் போடுங்க. பாசி செத்துரும்" என்றார்.

"ஏசியில உப்புப் போட்டா தகடு அரிச்சிரும் அண்ணாச்சி."

"கடல்ல முப்பது வருசம் ஓடியிருக்கேன். கப்பல் அரிச்சா போச்சு?"

போன மாதம் லிஃப்ட் நின்றபோதும் உப்பைத்தான் சொன்னார்.

நான் கேக்குக்குத் தட்டு எடுக்க உள்ளே போன நேரம் ஹாலில் அவர் கணவரிடம், அதாவது என் கணவரிடம், பேசியது காதில் விழுந்தது.

"என்ன லிங்கம், மூஞ்சி பளிச்சுனு இருக்கு? நல்ல தூக்கமோ?"

"ஹால்ல படுத்ததுல இருந்து சொகமா இருக்கு அண்ணாச்சி. சன்னல் காத்து. செத்த பொணம் மாதிரி தூங்குதேன்."

தட்டோடு நான் வந்ததும் இருவரும் கேக்கில் எத்தனை முட்டை என்று பேசினார்கள்.

மேலே 'அவர் கணவரிடம்' என்று எழுதியிருக்கிறேன். இந்த மாதிரிப் பிழைகள் இப்போது கொஞ்சம் வருகின்றன. அடிக்காமல் விடுகிறேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஸ்டான்லி வந்தார். வாட்ச்மேனிடம் ஏணி, என்னிடம் ஸ்க்ரூட்ரைவர், அவரிடம் துண்டு என்று வாங்கிக்கொண்டு, காதில் மாட்டிய கருவியில் வேறு யாருக்கோ வேறு ஏதோ ஏசியைப் பற்றி ஆலோசனை சொல்லிக்கொண்டே ஏறினார்.

"கேஸ் இறங்கிட்டு மேடம்."

"கேஸ் இறங்கினா குளிராதே. நீங்க சட்டைக் கைய இறக்கி விடுறீங்களே, எதுக்கு?"

தன் கையைப் பார்த்தார். யோசித்தார். "இது வெளிக்குளிரு மேடம். உள்குளிரு இல்ல."

இதை நான் துறையில் சொல்ல வேண்டும்.

குழாயில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். இறங்கவில்லை. இரண்டு தட்டு தட்டிவிட்டு, "சுவத்துக்குள்ள பைப்பு ஒடிஞ்சிருக்கு. சுவத்த ஒடச்சாத்தான் முடியும்" என்றார்.

"சுவத்தையா?" என்றது வாசலிலிருந்து ஒரு குரல். என் கணவர். அந்தச் சுருதியில் அவர் பேசி நான் கேட்டதில்லை.

"ரெண்டு அடிதான் சார். வெள்ளிக்கெழம, மே ரெண்டாம் தேதி, கொத்தனாரக் கூட்டியாரேன்."

"பால்கனிப் பக்கம் பாத்துட்டு முடிவு பண்ணுவோமே" என்றேன்.

"அங்க வாஷிங் மெஷின் நிக்கு மேடம். நகத்தணும்."

"மெஷின நகத்தக் கூடாது! லெவல் போயிரும்" என்றார் அவர். மெஷின் அவர் இலாகா அல்ல. லெவல் என்ற சொல்லை அவர் பயன்படுத்துவதும் இன்றுதான்.

இடைக்கால ஏற்பாடு: ஏசியிலிருந்து சுவர்க்குழாயைக் கழற்றிவிட்டு, வேறொரு குழாயை மாட்டி நேராகக் கட்டிலருகே இறக்கியிருக்கிறார் ஸ்டான்லி. நீல வாளி இப்போது படுக்கையறையில், அவர் பக்கத்தில்.

"இப்ப சொட்டாது மேடம். வாளியிலதான் சொட்டும்."

"அப்ப நீங்க உள்ள வந்துடலாமே" என்றேன் அவரிடம்.

"வாளி சத்தத்துல எனக்குத் தூக்கம் வராதும்மா. வெள்ளிக்கெழம வரட்டும்" என்றார். அப்புறம் சுவரைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் செலவுக் கவலை என்று எடுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 23, புதன்

வாளி அவர் இடத்தில். அவருடைய குறட்டை விட்டு விட்டு வரும். இது சீராக வருகிறது. வேறு வித்தியாசமில்லை என்று எழுத நினைத்தேன்.

ஏப்ரல் 25, வெள்ளி

விடைத்தாள் திருத்தும் முகாம். ஒரு பெண் 'வெப்பம் எப்போதும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்குப் போகும், ஆனால் சிலரிடம் போகாது' என்று எழுதியிருந்தாள். பாதி மதிப்பெண் போட்டேன்.

அறையில் ஃபேன் என் தலைக்கு மேலேயே இருந்தது. இருந்தும் திடீரென்று காது மடலில் தொடங்கி மார்புவரை எரிந்தது. விடைத்தாள் கட்டாலேயே விசிறிக்கொண்டேன். பக்கத்தில் விலங்கியல் ஹெலன். ஒரே வருஷத்தில் கல்லூரியில் சேர்ந்தவர்கள் நாங்கள்.

"ஏய் ஆவுடை, என்னட்டி இப்படி வேக்குது ஒனக்கு?"

"வீட்ல ஏசி சரியில்ல."

"இங்க என்னட்டி ஏசி? எனக்கு வேக்கலையே." கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினாள். "கடைசியா எப்போ?"

"சர்வீஸா? போன வருஷம்."

"ஏசியவா கேக்கேன் நான்!"

ஜனவரி என்று சொன்னேன்.

"அப்ப அதான். நிக்கப்போற நேரம். எனக்கும் ரெண்டு வருசம் ஆட்டி வச்சிட்டு. பாளையங்கோட்டையில நல்ல லேடி டாக்டர் இருக்கா, நம்பர் தாரேன்."

வேண்டாமென்றேன். விலங்கியல்காரர்களுக்கு எல்லாமே உடம்பாகத்தான் தெரியும். பத்தொன்பது டிகிரி காட்டும் இரண்டு பழுதான வெப்பமானிகள் என் தரப்பில் இருக்கின்றன.

ஏப்ரல் 27, ஞாயிறு

கொத்தனாருக்கு முன் நானே ஒருமுறை முயன்றால் என்ன என்று தோன்றியது. சுவிட்சை அணைத்து, மெயினையும் அணைத்து, ஏணியில் ஏறினேன்.

செய்தவை: முன்மூடியைத் திறந்து வலைகளைக் கழற்றிக் குழாயடியில் கழுவினேன். தூசி கம்பளம்போல் உரிந்தது. தண்ணீர் வடியும் தட்டில், நுங்குபோலக் கொழகொழவென்று ஒரு படலம். பழைய பல்துலக்கியால் வழித்தெடுத்தேன். சுவர்க்குழாயில் இளஞ்சூடான தண்ணீரும் வினிகரும் கலந்து ஊற்றினேன். பாசிக்கு வினிகர் போதும். விளிம்புவரை வந்து நின்றது, இறங்கவில்லை. வெண்ணிலாவின் பழைய சைக்கிள் பம்பை வைத்து அழுத்தினேன். வினிகர் முழுவதும் என் முகத்துக்குத் திரும்பி வந்தது.

அவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். "விட்ரும்மா, விட்ரு. ஒனக்கு எதுக்கு இந்தப் பாடு" என்று ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை சொன்னார். இறங்கியதும் துண்டை நீட்டினார். முகத்தைத் துடைத்துவிடவும் கை எடுத்தார். பிறகு துண்டை மட்டும் என் தோளில் போட்டுவிட்டுப் போனார்.

பம்பு அடித்தபோது கவனித்தது: பாசி அடைத்திருந்தால் காற்று கொஞ்சமாவது கசிய வேண்டும். ஒடிந்திருந்தால் தண்ணீர் சுவருக்குள் போக வேண்டும். இரண்டும் இல்லை. போத்தலுக்குத் தக்கை போட்டதுபோல் நிற்கிறது.

ஏப்ரல் 29, செவ்வாய்

ஹால் சன்னலுக்கு அவர் புதுக் கொசுவலை வாங்கி மாட்டியிருக்கிறார். தற்காலிகமாகப் படுப்பவர் சன்னலுக்கு அளவெடுத்து வலை வாங்குவாரா?

நாற்பத்தொன்பது வயதில் ஒருத்தியை விட்டு ஒருவர் அடுத்த அறைக்குப் போக ஒரு குழாய் அடைத்தால் போதும் போலிருக்கிறது. சண்டை வேண்டாம், சத்தம் வேண்டாம். தலையணையை எடுத்தால் முடிந்தது.

அறை: பத்தொன்பது. வாளி: முக்கால்.

ஏப்ரல் 30, புதன்

காலையில் பின்பால்கனியில் சத்தம். அவர் மெஷினுக்குப் பின்னால் இடுக்கில் பாதி உடம்பை நுழைத்து, கொடியில் துணி போடும் கம்பால் எதையோ குத்திக்கொண்டிருந்தார். பனியனெல்லாம் தூசி.

"என்ன பண்ணுதீங்க?"

"கிளிப்பு ஒண்ணு விழுந்துட்டு."

"ஒரு கிளிப்புக்கா?"

"நல்ல கிளிப்பு" என்றார்.

சிறிது நேரம் கழித்து வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது. "உள்ள போயிட்டு" என்றார். கிளிப் அப்படி எங்கே போகும் என்று புரியவில்லை. பிறகு ஸ்டான்லிக்குப் போன் போட்டு, சுவரை உடைக்காமல் வேறு வழி உண்டா என்று கெஞ்சுகிற குரலில் கேட்டுக்கொண்டிருந்தார்.

மே 1, வியாழன்

விடுமுறை. அவர் ஏரலில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனார், சாயங்காலம் வருவதாக.

நாளை சுவர் உடையும். குழாய்க்கு இரண்டு வாய். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நான் ஒன்பது நாளாக முடிவு எடுத்துக்கொண்டிருக்கிறேன். மாணவி செய்திருந்தால் பரிசோதனையைத் திரும்பச் செய்யச் சொல்லியிருப்பேன். வாஷிங் மெஷினை லெவலோடு சேர்த்து நகர்த்தினேன்.

குழாயின் வெளிவாயில் ஒன்றும் தெரியவில்லை. டார்ச் அடித்தேன். ஒரு சாண் உள்ளே வெள்ளையாக ஏதோ. உடைந்த குடையிலிருந்து கம்பி ஒன்றை உருவி, நுனியைக் கொக்கியாக வளைத்து, உள்ளே விட்டு இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் வந்தது. அதன் பின்னாலேயே, ஞாயிற்றுக்கிழமை ஊற்றிய வினிகரில் மிச்சமிருந்ததும் வந்தது. இரண்டாவது முறையாக, முகத்தில்.

வந்தது ஒரு பொட்டலம். வெளியே பால் பாக்கெட்டின் பிளாஸ்டிக். அதன்மேல் இரண்டு சுற்று ரப்பர் பேண்ட். உள்ளே, தக்கைபோல் இறுக்கிச் சுருட்டிய கட்டம்போட்ட கைக்குட்டை.

முதலில் காகம் என்று நினைத்தேன். காகம் ரப்பர் பேண்ட் போடாது. அணில் என்று நினைத்தேன். கைக்குட்டையின் மூலையில் 'ச' என்று சிவப்பு நூலில் இருந்தது. சங்கரலிங்கம் என்ற பெயரில் அணில் கிடையாது. பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் வெண்ணிலா போட்டது அது. எழுத்துக் கோணலாக இருப்பதால் வெளியே எடுத்துப் போகாமல் பத்திரமாக வைத்திருந்தார்.

மெஷின்மேல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை. முழுக்கைச் சட்டை. விளையாட்டுப் பக்கம். விட்டுப்போன போர்வை. நல்ல கிளிப்பு. என்னிடமிருந்து போக இவ்வளவு சிரமப்பட்டிருக்கிறார்.

பிறகு சுவர்க்குழாயைத் திரும்ப ஏசியில் மாட்டினேன். வாளியைப் பழைய இடத்தில் வைத்தேன். மெஷினையும். கைக்குட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, அவர் அலமாரியில் மற்றக் கைக்குட்டைகளுக்கு மேலே வைத்தேன்.

இரவுச் சாப்பாட்டில்:

"ஸ்டான்லிய வர வேண்டாம்னுட்டேன். பைப் சரியாயிட்டு."

தோசையில் அவர் கை நின்றது. "என்னவாம்?"

"அழுக்கு."

"அழுக்கு" என்றார் அவரும். பிறகு, "பாசியா இருக்கும்" என்றார்.

"இருக்கும்."

இன்னொரு தோசை கேட்டார். சாப்பிடவில்லை.

மே 2, வெள்ளி

குழாய் நன்றாக வடிகிறது. படுக்கையறையில் ஒரு சொட்டு இல்லை.

அவர் ஹாலில் படுத்தார்.

கைக்குட்டை அலமாரியில் அதே இடத்தில் இருக்கிறது. அடியிலிருந்த வேறொன்றை உருவி எடுத்துப் போயிருக்கிறார், மேலே இருந்தது கசங்காமல்.

மே 3, சனி

காலையில் அவர் வாளியை எடுக்கப் பின்பால்கனிக்குப் போனார். காப்பியோடு நானும் போனேன். இடுக்கிலிருந்து அவர் வெளியே வரும் வழியில் நின்றுகொண்டேன்.

"தண்ணி நல்லா விழுது" என்றார்.

"கர்ச்சீப்பு எடுத்து வச்சிருந்தேன். பாத்தீங்களா?"

வாளியைக் கீழே வைத்தார். "பாத்தேன்."

"இஸ்திரி போட்டிருந்தேன்."

"அதையும் பாத்தேன்."

மேல்வீட்டில் மச்சாது அண்ணாச்சி யாரையோ உப்பு விஷயமாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அது ஓயும்வரை இருவரும் காத்திருந்தோம்.

"என்கிட்ட சொல்லிட்டே போயிருக்கலாமே" என்றேன். "எனக்கு இங்க படுக்கப் புடிக்கலன்னு."

"ஐயையோ, யாரு புடிக்கலன்னா? குளுருது ஆவுடை! பல்லு கிட்டிக்கிடுது எனக்கு. போர்வைக்குள்ள கை காலு மரத்துப் போவுது."

"அந்த ஒரு வார்த்தைய சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னேன்."

"எப்போ?"

"சித்திர ஒண்ணாந்தேதி."

"அன்னைக்கு கரண்டப் பத்தில்லா சொன்னீங்க."

"எனக்கு அப்படித்தான் சொல்ல வந்துச்சு. நீ படம்லாம் போட்டுட்ட."

காப்பி ஆறிக்கொண்டிருந்தது. நீட்டினேன். வாங்கிக்கொண்டார்.

"அதுக்குன்னு ஏசியவே அடைக்கணுமா?"

"ஏசிய நான் எங்க அடைச்சேன்? ஏசி ஓடத்தான செஞ்சுது. போன வருசம் அடைச்சப்ப என் பக்கம்தான சொட்டிச்சு, உன் பக்கம் ஒரு பொட்டு விழலல்லா? அத வச்சுத்தான் செஞ்சேன். உன் குளுரு உனக்கு இருக்கட்டும்னு." டம்ளரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "குளுருதுன்னு சொன்னா நீ ஏசியக் கொறச்சிருவ. நீ எந்திரிச்சு எந்திரிச்சு மூஞ்சி கழுவிட்டு வந்து படுக்குதத நான் பாக்கத்தான செய்யுதேன். பாத்ரூம் லைட்டு மூஞ்சில அடிக்குதுல்லா."

"அப்ப சும்மாவே ஹால்ல போயிப் படுத்திருக்க வேண்டியதுதான?"

நிமிர்ந்து பார்த்தார். நான் கேட்டது உண்மையிலேயே புரியவில்லை என்ற பார்வை.

"காரணம் இல்லாம எப்படிட்டி போவேன்? நீ என்னத்த நெனைப்ப?"

'ட்டி' என்று அவர் சொல்லி வருஷங்கள் ஆகின்றன. வெண்ணிலா பேசத் தொடங்கியபோது, பிள்ளை பழகிவிடும் என்று நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

"நெனச்சேன்" என்றேன்.

"என்ன நெனச்ச?"

"சுவர உடைக்க வேண்டியிருக்குமேன்னு."

"நானுந்தான். புதன்கெழம கம்ப வச்சு இழுக்கப் பாத்தேன், அது உள்ள போயிட்டு. கொத்தனாரு வந்து சுவத்த ஒடச்சு, அதுக்குள்ள இருந்து என் கர்ச்சீப்ப எடுத்து ஒங்கிட்ட குடுத்தா..." முடிக்காமல் காப்பியைக் குடித்தார். "ஏரல்ல போயி தங்கச்சிட்ட கூடக் கேட்டேன்."

"என்ன சொன்னா?"

"சிரிச்சா."

நானும் சிரித்திருக்கலாம். அதற்குள் காது மடல் எரியத் தொடங்கிவிட்டது. பால்கனியில், காலைக் காற்றில், ஏசியே இல்லாத இடத்தில். அவர் வாளித் தண்ணீரில் துண்டை நனைத்துப் பிழிந்து என் கழுத்தில் போட்டார். சில்லென்றிருந்தது. ஏசி தண்ணீர், என்னிடமிருந்து எடுத்த வெப்பத்துக்குப் பதிலாக அது கொடுத்த தண்ணீர் என்று பாடம் ஒன்று மனதில் ஓடியது. அதை அவரிடம் விளக்கவில்லை.

மே 5, திங்கள்

இரண்டு வெப்பமானிகளையும் அந்தந்தத் துறையில் திருப்பிக் கொடுத்தேன். இரண்டும் சரியாக இருக்கின்றன என்று கையெழுத்திட்டேன்.

ஹெலனிடம் அந்த டாக்டரின் எண்ணை வாங்கினேன். "ஏசிக்கா?" என்றாள். எழுதிக்கொண்டேன்.

மே 11, ஞாயிறு

பராமரிப்பு: வலைகள் கழுவப்பட்டன. தட்டு துடைக்கப்பட்டது. வடிகுழாயில் இளஞ்சூடான தண்ணீரும் வினிகரும் ஊற்றி, சற்றுப் பொறுத்து நல்ல தண்ணீர் விட்டேன். பின்பால்கனியிலிருந்து "வருது, வருது" என்று அவர் குரல் கொடுத்தார். இனி மாதம் ஒருமுறை. ஏணி என் இலாகா, வாளி அவருடையது, பழைய ஏற்பாடுதான்.

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறாள், பொறுமையாக இருக்கவும் சொல்லியிருக்கிறாள். மாத்திரையை நம்புகிறேன்.

அறை: இருபத்திரண்டு டிகிரி. பேசி முடிவுசெய்தது. அவருக்குக் குளிர்கிறது, எனக்கு வேர்க்கிறது. ஆகவே நியாயமான அளவு. கொடைக்கானலில் கல்யாணமான புதிதில் வாங்கிய குரங்குக் குல்லாயைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படுக்கிறார். விளக்கை அணைக்கும்முன் ஒருமுறை அந்தப் பக்கம் பார்த்தால் வங்கிக்கொள்ளைக்குப் புறப்பட்டவர் போல இருக்கிறது.

ஒரு வாரமாக இருவருக்கும் ஒழுங்கான தூக்கமில்லை. இன்று காலை கண்கள் சிவந்து உட்கார்ந்திருந்தார். பார்க்கப் பாவமாக இருந்தது.

"பேசாம ஹால்லயே போய் நல்லாத் தூங்குங்களேன். கொசுவலகூட மாட்டியாச்சு" என்றேன்.

குல்லாய்க்குள்ளிருந்து என்னைப் பார்த்தார்.

"எதுக்கு?" என்றார். "சொட்டலையே."